நாலாவது குவியல்

"விரலை வெட்டி எடுத்துட்டனுங்க. பயம் மட்டும் போகலீங்க."

செம்மலை இடது கையை நீட்டினார். சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

சோளத்தம்மா அதைப் பார்த்தார். தொடவில்லை.

"எத்தனை நாளாச்சு?"

"இருபத்தாறு நாளுங்க."

"வலி இருக்கா?"

"வலியெல்லாம் இல்லீங்க. பயந்தானுங்க."

"பயம் அந்த விரல்லயா இருந்துச்சு?"

செம்மலை கையை மடக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த அவர் தங்கை தெய்வானை தலையைக் குனிந்துகொண்டாள்.

பச்சைமலை அடிவாரத்தில் முக்கால் ஏக்கர் மக்காச்சோளம், ஒரு கிணறு, ஒரு ஓட்டுக் கொட்டகை. சுற்றுவட்டாரத்தில் அதை மடம் என்றார்கள். உள்ளே சாமி படம் ஒன்றும் கிடையாது. முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் இருந்தார். முன்பு ஏதோ விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு ஒரு சாக்கு விதையோடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. சோளத்தம்மா என்றால் போதும்.

கேள்வியோடு வருகிறவர்களை அவர் வேலை வாங்குவார். பாதிப்பேர் இரண்டாம் நாளே இறங்கிப் போய்விடுவார்கள்.

செம்மலைக்கு முப்பத்தெட்டு வயது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். ஒரே இழுப்பில் ஆறடிக்குக் கோடு போடக்கூடிய கை.

அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"எங்கப்பாவுக்கு இடது கையில ஆறு விரலுங்க. லாரிக்கு பாடி கட்டுற ஆசாரி. நாப்பத்தொரு வயசுல ஒருநா சுத்தியல் ஆணி மேல விழல, கை மேல விழுந்துச்சு. மறுநாளும் அப்படியே. அப்புறம் கை தானா ஆட ஆரம்பிச்சுதுங்க. நடை தள்ளாடுச்சு. குடிச்சிருக்கான்னு ஊரே சொல்லுச்சு. எங்கப்பா ஒரு சொட்டு தொட்டதில்லீங்க. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கன்னத்துலயே அறைஞ்சுட்டான். கடைசில எங்களையே அடையாளம் தெரியல. சோறு முழுங்க முடியல. அம்பத்து மூணுல போயிட்டாருங்க."

"அவருக்கு முன்னாடி?"

"எங்க அப்பத்தாவுக்கும் ஆறு விரலுங்க. அதுக்கும் இதேதான். பேய் புடிச்சிருக்குன்னு கோயில் கோயிலா இழுத்துட்டுப் போயிருக்காங்க. எங்க பெரியப்பாவுக்கு அஞ்சு விரலு. எழுபது வயசாகுது, இன்னமும் சைக்கிள் மிதிக்கிறாரு."

"உங்களுக்கு?"

"ஆறுங்க." கையைப் பார்த்தார். "ஆறா இருந்துச்சுங்க."

சோளத்தம்மா தெய்வானை பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

அவள் வாய் திறப்பதற்குள் செம்மலை முந்திக்கொண்டார். "அதுக்கு ஒண்ணும் இல்லீங்க. அஞ்சு விரலுதான். எங்கம்மா சாடை. கல்யாணம் ஆகி ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அது ஒண்ணு நல்லா இருக்குதுன்னுதான் நானே உசுரோட இருக்கறனுங்க."

தெய்வானை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கல்யாணம் பண்ணிக்கலயா?"

"மூணு எடத்துல பொண்ணு பாத்தாங்க. மூணையும் நான்தான் வேண்டாம்னுட்டனுங்க. எதுக்குங்க இன்னொரு உசுரு?"

சோளத்தம்மா எழுந்து உள்ளே போனார். மூன்று சோள மணிகளோடு திரும்பி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மூன்றும் மஞ்சள்.

"இது எந்த மாதிரி கதிர்ல இருந்து வந்துச்சு, சொல்லுங்க."

"மஞ்சக் கதிருங்க."

சோளத்தம்மா தன் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கதிரை எடுத்துக் காட்டினார். முக்காலும் ஊதா. நடுநடுவே சில மஞ்சள்.

செம்மலை கதிரையும் கையிலிருந்த மணிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொன்னதும் மூணு பேருதான்," என்றார் சோளத்தம்மா.

*

கொட்டகை விட்டத்தில் இரண்டு கதிர்கள் கட்டித் தொங்கின.

ஒன்று கத்திரிப்பூ நிறம். மணிகள் எல்லாம் காய்ந்த திராட்சை போலச் சுருங்கியிருந்தன. மற்றது மஞ்சள். மணிகள் மொழுமொழுவென்று உருண்டிருந்தன.

"இது அப்பா," என்றார் சோளத்தம்மா. "இது அம்மா."

பெட்டியைத் திறந்து இன்னொரு கதிரை எடுத்தார். "இது ரெண்டுக்கும் பிறந்தது."

அதில் எல்லா மணிகளும் ஊதா. எல்லா மணிகளும் உருண்டை.

செம்மலை கதிரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சுருக்கம் எங்கீங்க?"

"உள்ள இருக்கு."

"வெளிய வருமுங்களா?"

"இதை விதைச்சா, அடுத்த கதிர்ல வரும்."

செம்மலை கதிரைத் தள்ளிப் பிடித்தார்.

"எதோட வரும்? ஊதாவோடயேங்களா?"

"அதை நீங்கதான் பாக்கப் போறீங்க."

"நீங்களே சொல்லிட்டா ஆகாதுங்களா?"

"சொன்னா நம்புவீங்களா? விரலை வெட்டிக்கிட்டு வந்தவர் நீங்க."

பிறகு சோளத்தம்மாவே சொன்னார். "மனுஷங்க கணக்கு வேற. சோளத்துல சுருக்கம் ஒரு தலைமுறை ஒளிஞ்சுக்கும். உங்க வீட்டு நோய் அப்படி ஒளியறது இல்ல. பெத்தவங்களுக்கு இருந்தா, பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ஆனா ரெண்டு குணம் கையைக் கோத்துக்கிட்டு வருதா, தனித்தனியா வருதான்னு சோளத்துல பாக்கலாம்."

"தனித்தனியாத்தான் வருமுங்களா?"

"சிலது சேர்ந்தே வரும். அதனாலதான் விதைச்சுப் பாக்கச் சொல்றேன்."

செம்மலை தங்கையைப் பார்த்தார்.

"இருண்ணா," என்றாள் தெய்வானை. "மாசம் ஒருக்கா நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

அது ஆவணி மாதம்.

*

செம்மலைக்கு ஒரு பழக்கம் இருந்தது.

பட்டறையில் தினமும் காலை, வேலை தொடங்குமுன், சுவரில் ஒரு கோடு போடுவார். கோடு நேராக இருந்தால் அன்றைக்குச் சாப்பிடுவார். பன்னிரண்டு வருடமாக அப்படி. சுவர் நிறைந்தால் வெள்ளையடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

மடத்தில் கோடு போடச் சுவர் இல்லை, மூங்கில் தட்டிதான். வரப்பில் குச்சியால் போட்டார்.

சோளத்தம்மா அந்தக் கோட்டின் மேலேயே குடத்தோடு நடந்து போனார்.

"கோடுங்கம்மா."

"அப்படியா?" என்றார். திரும்பி வரும்போதும் அதன் மேலேயே நடந்தார்.

பயிர் முழங்கால் உயரம் வந்தது. இடுப்பு உயரம் வந்தது. செம்மலை களை எடுத்தார், தண்ணீர் பாய்ச்சினார். சாப்பிடும்போது கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தட்டில் விழுந்த ஒவ்வொரு பருக்கையையும் பார்த்தார். தானாக விழுந்ததா, கை உதறி விழுந்ததா? ஒரு பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் அன்று முழுக்க வேர்த்தது.

புரட்டாசியில் ஒருநாள் சணல் கயிறு வாங்கக் கீழே ஊருக்குப் போனார்.

கடைத்தெருவில் ஒரு ஆள் தள்ளாடிக்கொண்டு வந்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

செம்மலை கயிற்றைக் கீழே போட்டார். ஓடிப்போய் அந்த ஆளின் தோளைப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்த்தார்.

சாராய நெடி அடித்தது.

"குடிச்சிருக்கான்," என்று கடைக்காரரிடம் சொன்னார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. "குடிச்சுத்தான் இருக்கான்."

மடத்துக்கு வந்ததும் அதைச் சோளத்தம்மாவிடம் சொன்னார். பல நாள் கழித்து அன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது.

"அந்த ஆளுக்கு வீடு எங்க?" என்று கேட்டார் சோளத்தம்மா.

"கேக்கலீங்க."

"வீட்டுக்குப் போயிட்டானா?"

"தெரியலீங்க. நான் மோந்து பாத்துட்டு வந்துட்டனுங்க."

சோளத்தம்மா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. செருப்பெல்லாம் சேறு.

செம்மலை ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்.

*

ஐப்பசியில் சோளம் பூத்தது.

உச்சியில் பூ. இடுப்பில் பிஞ்சுக் கதிர். கதிர் நுனியில் பட்டு நூல் மாதிரி ஒரு கற்றை.

"ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மணிக்குப் போகுது," என்றார் சோளத்தம்மா. "ஒரு நூல்ல ஒரு மகரந்தத் தூள் விழணும். விழுந்தா ஒரு பிள்ளை."

"எந்தத் தூள் எந்த நூல்ல விழும்னு யாரு முடிவு பண்றதுங்க?"

"யாரும் இல்ல."

அந்த வார்த்தை செம்மலைக்குப் பிடிக்கவில்லை. யாராவது இருந்தால் கெஞ்சலாம்.

பக்கத்துக் காட்டுத் தூள் வந்து கலக்காமலிருக்கக் கதிரையும் பூவையும் காகிதப் பையால் மூடி வைத்தார்கள். மூன்று நாள் விடாமல் மழை. சாய்ந்த பயிரை எல்லாம் நிமிர்த்திக் குச்சி நட்டுக் கட்டினார்கள். நாலாம் நாள் காலை வெயில் வந்தது.

"இப்ப," என்றார் சோளத்தம்மா.

செம்மலை பூவின் மேலிருந்த பையை உதறிக் கழற்றினார். உள்ளே மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்ந்திருந்தது. கதிரின் பையை நீக்கினார். தூளைக் கொட்டக் கையைத் தூக்கினார்.

கை நடுங்கியது.

அவர் கையையே பார்த்தார். அதை நிற்கச் சொன்னார். அது நிற்கவில்லை. தூள் பாதி மண்ணில் கொட்டியது.

பையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சோளத்தம்மா மீதித் தூளைக் கதிரில் தூவினார். பையை மாட்டிக் கட்டினார். கைகழுவினார். அடுப்பைப் பற்றவைத்தார். அரைமணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினார்.

"வந்துருச்சுங்கம்மா," என்றது உள்ளிருந்து குரல். "எனக்கும் வந்துருச்சு. என் தங்கச்சிக்குத் தகவல் சொல்லிருங்க."

"கதவைத் திறங்க. கையில சூடு தாங்கல."

திறந்தார். சோளத்தம்மா ஒரு குண்டான் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தார்.

"எத்தனை குச்சி நட்டீங்க?"

"தெரியலீங்க."

"முன்னூறுக்கு மேல இருக்கும். கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

செம்மலை யோசித்தார். முந்தாநாள்.

சோளத்தம்மா தன் வலது கையை அவர் முகத்துக்கு எதிரே நீட்டினார். அதுவும் நடுங்கியது.

செம்மலை அதையே பார்த்தார். பிறகு களியைப் பிட்டார். தின்று முடிக்க நேரமாயிற்று. முடித்துவிட்டுக் கையை நீட்டினார். நின்றிருந்தது.

"அப்ப இது அது இல்லீங்களா?"

"இன்னிக்கு வந்தது அது இல்ல."

"நாளைக்கு வந்தா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

"உங்களுக்குப் பயமே கிடையாதுங்களா?"

"இருக்கு. குண்டானைக் கழுவி வெச்சுருங்க."

*

தெய்வானை மாதம் ஒருமுறை வந்தாள். இடியாப்பம் மாதிரிச் சந்தவை செய்து தூக்குப்போசியில் கொண்டுவருவாள். அவள் புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போய்விட்டால் இரண்டு மாதம், மூன்று மாதம் ஊர் திரும்பமாட்டான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள்.

வந்தால் சிரித்துக்கொண்டே இருப்பாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்தது, சின்னவள் பூனைக்குச் சட்டை போட்டது. செம்மலை கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அன்று மட்டும் அவர் தட்டைப் பார்க்கமாட்டார்.

"அம்மிணி வந்துட்டுப் போனா நல்லாத் தூக்கம் வருதுங்க," என்பார் சோளத்தம்மாவிடம். "அதுங்கிட்ட அந்தச் சனியன் அண்டலன்னு நெனைச்சாலே போதுங்க."

கார்த்திகையில் அவள் வந்தபோது செம்மலை கிணற்றடியில் இருந்தார். சோளத்தம்மா அவளோடு வரப்பில் நின்றார்.

"கதிர் எப்ப முத்துமுங்க?" என்று கேட்டாள் தெய்வானை.

"மார்கழி கடைசியில."

"அண்ணனே உரிச்சுப் பாக்குமுங்களா?"

"ஆமா."

"எல்லாமே அதுல தெரிஞ்சிருமுங்களா?"

"இருக்கறது தெரியும்."

பையிலடைத்த கதிர்களைப் பார்த்தபடியே நின்றாள். அண்ணன் வருவது தெரிந்ததும் சிரித்தாள்.

*

மார்கழி கடைசி வாரம். மட்டைகள் காய்ந்து சலசலத்தன.

செம்மலை ஒரு கதிரை ஒடித்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். சோளத்தம்மா எதிரே உட்கார்ந்து விதைச்சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

மட்டையைப் பிரிக்கக் கை வரவில்லை.

"நீங்க பிரிங்கம்மா."

"எனக்கு வேலை இருக்கு."

ஒரு மட்டையை உரித்தார். இன்னொன்றை உரித்தார். கண்ணை மூடிக்கொண்டு மீதியையும் உரித்தார்.

கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது ஊதா. சுருங்கிய ஊதா. வரிசை வரிசையாக அங்கங்கே அது உட்கார்ந்திருந்தது. அப்பா. அப்பத்தா.

கதிரை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"உதிர்த்துப் பாருங்க," என்றார் சோளத்தம்மா, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

உதிர்த்தார். சுருங்கிய ஊதாவை ஒரு பக்கம் ஒதுக்கினார். உருண்ட ஊதாவை ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒதுக்க ஒதுக்க உருண்ட ஊதா ஏறிக்கொண்டே போனது. உருண்ட ஊதா மூன்று கைப்பிடி என்றால், சுருங்கிய ஊதா ஒரு கைப்பிடிதான் தேறியது.

அவர் ஓர் உருண்ட ஊதா மணியை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"இது ஊதாங்கம்மா."

"ஆமா."

"ஆனா சுருக்கம் இல்லீங்க."

"இல்ல."

"அப்ப ஆறு விரல் இருந்தும் ஒருத்தன் தப்பிக்கலாமுங்களா?"

"மணியைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க."

செம்மலையின் தோள் குலுங்கியது. பன்னிரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்தது வெளியே வந்தது. சோளத்தம்மா தையலை நிறுத்தவில்லை. அவர் தானாக அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கதிரை எடுத்தார்.

மஞ்சள் மணிகளைத் தனியே வைத்தார். உருண்ட மஞ்சள். "இது எங்க தெய்வானை," என்று சொல்லிச் சிரித்தார். ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டார். நல்ல மணிகள். பளபளத்தன.

கதிரின் நுனிப் பக்கம் வந்தபோது ஒரு மணி விரலில் உறுத்தியது.

மஞ்சள். சுருங்கியிருந்தது.

"இது சொத்தைங்களா?"

சோளத்தம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். "இல்ல. முளைக்கும்."

செம்மலை அதைக் கீழே வைத்தார். இன்னொன்று கிடைத்தது. பிறகு இரண்டு. கதிரைத் திருப்பித் திருப்பித் தேடினார். தேடத் தேட அகப்பட்டது. மொத்தம் இருபத்து மூன்று.

விட்டத்தில் தொங்கிய இரண்டு கதிர்களையும் பார்த்தார். அப்பாவிடம் இந்த மணி இல்லை. அம்மாவிடமும் இல்லை.

"ஊதாவை விட்டுட்டு சுருக்கம் மட்டும் தனியா வருமுங்களா?"

"ஊதா தனியா வந்துச்சே, அப்ப?"

அவர் இருபத்து மூன்று மணிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சற்றுமுன் அழுத கண் இப்போது காய்ந்து போயிருந்தது. முதுகில் வேர்வை வழிந்தது.

"இது யாருங்கம்மா?"

சோளத்தம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அம்மா. இது யாருங்க?"

பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. தூக்குப்போசி ஆடிக் கிலுங்கியது. "அண்ணா" என்று தெய்வானை குரல் கொடுத்தாள்.

செம்மலை இருபத்து மூன்று மணிகளையும் ஒரே பிடியில் அள்ளிக் கையை மூடிக்கொண்டார்.

*

தெய்வானை வந்து நின்றாள். மூச்சிரைத்தது. தூக்குப்போசியைத் தூணோரம் வைத்தாள்.

"உரிச்சுட்டியாண்ணா?"

"ம்."

"என்ன வந்துச்சு?"

"நல்லதுதான் வந்துச்சு அம்மிணி." அவர் குரல் கரகரத்தது. சிரிக்கப் பார்த்தார். "வெரலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையாம். இந்தா பாரு, ஊதா உருண்டை எத்தனை இருக்குதுன்னு. எனக்கு வராமயும் போகலாமாம்."

தெய்வானை ஜமுக்காளத்தைப் பார்த்தாள்.

மூன்று குவியல். உருண்ட ஊதா. சுருங்கிய ஊதா. உருண்ட மஞ்சள்.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நாலாவது எங்கண்ணா?"

"நாலாவதா? அப்படி ஒண்ணும் இல்ல. மூணுதான்."

"இருக்கும்."

"இல்ல அம்மிணி. நல்லாப் பாத்துட்டேன்."

அவள் குனிந்து, அவருடைய மூடிய கைக்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டினாள்.

"குடு."

செம்மலை சோளத்தம்மாவைப் பார்த்தார். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

கை தானாகத் திறந்தது. வேர்வையில் ஒட்டியிருந்த மணிகளைத் தெய்வானை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்து நாலாவது இடத்தில் வைத்தாள். அவசரப்படவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் செம்மலை.

"அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோமே, அன்னிக்கு. ரத்த வழியா வர்றதுன்னு டாக்டரு சொன்ன உடனே நீ எந்திரிச்சு வெளிய ஓடிட்டே. நான் உள்ளயே உக்காந்திருந்தேன். சின்னவ வயித்துல ஏழு மாசம். வெரலுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லம்மான்னாரு. உங்க ரெண்டு பேருக்குமே பாதிக்குப் பாதின்னாரு."

"எட்டு வருஷமாச்சு."

"ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, தெய்வா."

"நீ என்னைப் பாத்துத்தானே தூங்குனே."

செம்மலை வாயைப் பொத்திக்கொண்டார்.

"வெரலை வெட்டிட்டு வந்து நின்னியே, அன்னிக்குத்தான் இனி முடியாதுன்னு தோணுச்சு. என் வாயால சொல்லவும் வரல. அதான் இங்க கூட்டியாந்தேன்."

காற்றில் உரித்த மட்டைகள் நகர்ந்தன.

"ரத்தம் குடுத்துப் பாத்தியா?"

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம் ஆயிரும்னு திரும்பிட்டேன்." ஒரு மணியை எடுத்து மறுபடி வைத்தாள். "நேரமெல்லாம் இருந்துச்சு. தனியா உள்ள போக முடியலண்ணா."

அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு இல்லாததைச் செம்மலை பார்த்தார். அந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததேயில்லை.

சோளத்தம்மா பக்கம் திரும்பினார். கும்பிடுவது போல இரண்டு கையும் சேர்ந்திருந்தன.

"இப்ப நான் என்னங்கம்மா பண்ணணும்?"

சோளத்தம்மா சாக்கை ஓரமாக வைத்தார்.

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. அவங்க வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்காங்க."